எங்கே என்று மட்டும் கேட்பவள்

கையெழுத்துக்காக எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கோமளா ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள்.

"எங்கே?"

என்ன என்று கேட்க மாட்டாள். எதற்கு என்றும் கேட்க மாட்டாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கி, "எங்கே கண்ணு?" என்பாள். பென்சிலால் போட்டு வைத்த பெருக்கல் குறியைக் காட்டினால் போதும். கோமளா என்ற மூன்றெழுத்தை அதன் மேல் அழகாக எழுதி, கடைசிக் காலை நீட்டி ஒரு சுழி சுழித்து, கீழே இரண்டு புள்ளி வைப்பாள். பேனாவை மூடிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பிவிடுவாள். தாளிப்பு கருகியிருக்காது.

அந்தப் பெருக்கல் குறிகளைப் போட்டு வைத்தவள் ரிஃபத். ஆறு வருஷம் போட்டாள்.

ரிஃபத் உக்கடத்துப் பெண். அவளுடைய அத்தா யூனுஸ் அங்கே குக்கர், மிக்சி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். அந்தக் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியது அவள்தான். பி.காம். முடித்ததும் கருமத்தம்பட்டியில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் ஏற்றுமதிக் காகிதங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. வெளிநாட்டுச் சமையலறைகளில் கை துடைக்கும் துண்டு நெய்யும் கூடம். வாசலில் பலகை தொங்கியது: ஸ்ரீ கோமளா டெக்ஸ்.

கம்பெனி கோமளாவின் பெயரில் இருந்தது. அந்த வட்டாரத்தில் அது ஓர் அதிசயமே இல்லை. பாதிக் கூடங்கள் வீட்டுப் பெண்களின் பெயரில்தான் ஓடுகின்றன. பெண் பெயரில் என்றால் வங்கியில் வட்டி குறையும் என்று ஆடிட்டர் எப்போதோ சொல்லியிருப்பார். உண்மையில் தறிகளைப் பார்த்துக்கொண்டவர் அவள் கணவர் சென்னகேசவன். தறிச் சத்தத்திலேயே கிடந்து காது பாதி மந்தமாகிப்போன மனிதர். வியாபாரம் முழுக்க அவருடைய தம்பி சசிதரின் கையில். ஆர்டர் பிடிப்பது, விலை பேசுவது, வெளிநாட்டுக்காரர்களிடம் குழைவது, உள்ளூர்க்காரர்களிடம் எரிந்து விழுவது எல்லாம் அவன்தான். அலுவலகத்தில் முதலாளி நாற்காலி என்று ஒன்று இருந்தது. அதில் கோமளா உட்கார்ந்து ரிஃபத் பார்த்ததே இல்லை.

சேர்ந்த புதிதில், பட்டம் வாங்கிய சூட்டில், ரிஃபத் ஒருமுறை கேட்டுப் பார்த்தாள்.

"அக்கா, ஒருக்காப் படிச்சுப் பாத்துட்டுப் போடுங்களேன்."

"ஏன், நீ படிக்கலையா?"

"நான் படிச்சனுங்க்கா. ஆனா முதலாளி நீங்கதானுங்களே."

கோமளாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "முதலாளியா? போ கண்ணு. பலகைல பேரு இருந்தா முதலாளியாயிருவாங்களா? பஸ்ஸுக்குக்கூடத்தான் சாமி பேரு வெக்கறாங்க. சாமியா ஓட்டுது?"

ரிஃபத்தும் சேர்ந்து சிரித்தாள். நல்ல மனுஷி என்று அன்று சாயங்காலம் பஸ்ஸில் நினைத்துக்கொண்டாள். இன்று அந்தச் சிரிப்பை நினைத்தால் அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வருகிறது.

ஏனென்றால் கோமளா படிக்கத் தெரியாதவள் இல்லை. உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்புக்காரர் மகள். பத்தாவது வரை படித்தவள். வாரப் பத்திரிகையை அட்டை முதல் அட்டை வரை வாசிப்பாள். முறுக்குக் கட்டி வந்த காகிதத்தைப் பிரித்து நீவி, எண்ணெய்ப் பிசுக்கோடு அதையும் வாசிப்பாள். ஷாம்பு பாட்டிலின் பின்பக்கத்தை வாசித்துவிட்டு, "இதுல என்னென்னமோ கலக்கறாங்க அம்மணி" என்று எச்சரிப்பாள். அவள் வாசிக்காமல் விட்டது ஒன்றே ஒன்று. தன் பெயர் போட்டு வந்த காகிதங்கள்.

தெரியாமல் இருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அந்தச் சுகத்தைக் கோமளா நன்றாக அறிந்து வைத்திருந்தாள்.

துண்டுகளை வாங்கியது பெரும்பாலும் ஹாலந்து நாட்டுக் கம்பெனி ஒன்று. ஒரு கட்டத்தில் அவர்கள் காகிதத்தையே நிறுத்திவிட்டார்கள். ஒப்பந்தம் கணினியில் வரும். கம்பெனி யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய மின்னஞ்சலுக்கு ஒரு இணைப்பு அனுப்புவார்கள். திறந்தால் கடைசிப் பக்கத்தில் மஞ்சள் கட்டம். அதை அமுக்கினால் அவருடைய செல்போனுக்கு ஓர் எண் வரும். அந்த எண்ணை அடித்தால் முடிந்தது. சாய்ந்த எழுத்தில், பேனாவால் எழுதியதுபோலவே, பெயர் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அவர்கள் நாட்டில் அதுதான் கையெழுத்து. சட்டம் அதை ஒத்துக்கொள்கிறது, நீதிமன்றம் ஒத்துக்கொள்கிறது. ரிஃபத் இதையெல்லாம் தேடிப் படித்துச் சொன்னாள்.

"சீல் இல்லாம என்ன கையெழுத்து?" என்றார் சென்னகேசவன். அவருக்கு அது புரியவே இல்லை. மாதிரித் துண்டு பிடித்துப்போய், நூல் வாங்கி, தறியில் பாவு நூல் ஓட ஆரம்பித்தால்தான் ஒப்பந்தம். காகிதம் என்பது வெள்ளைக்காரனின் மன நிம்மதிக்குக் கொடுப்பது. அதிலும் காகிதமே இல்லாத காகிதம் என்றால் அதற்கு என்ன மதிப்பு?

சசிதர் தன் செல்போனிலேயே கோமளா பெயரில் ஒரு மின்னஞ்சலைத் திறந்து வைத்துக்கொண்டான். எண் மட்டும் கோமளாவின் போனுக்கு வரும். அதனால் புது வழக்கம் ஒன்று பிறந்தது. அலுவலகம் ஒரு பக்கம், வீடு எதிர்ப்பக்கம், நடுவில் தறிக்கூடம். சசிதர் வாசலில் நின்று, தங்கள் வீட்டுத் தெலுங்கில் அண்ணியைக் கூப்பிட்டுக் கத்துவான்.

"வதினா! நம்பர் வந்துச்சுங்களா?"

கோமளா சமையலறை ஜன்னல் வழியாக ஒவ்வொரு இலக்கமாகக் கத்துவாள். தறிச் சத்தத்தை மீற வேண்டுமே. ஒரு நாள் தெருவில் காய் விற்றுக்கொண்டிருந்தவன், "கடைசி நம்பர் மட்டும் கேக்கலைங்க்கா, இன்னொருக்காச் சொல்லுங்க" என்றான். அதைச் சொல்லிச் சொல்லி வீடே ஒரு வாரம் சிரித்தது.

எங்கே என்று கேட்கும் சிரமம்கூட இப்போது கோமளாவுக்கு இல்லை.

பிரச்சினையாக வந்த ஒப்பந்தம் ஒரு பெருநாளுக்கு முந்தைய நாள் வந்தது. ரிஃபத் அதை வரி விடாமல் படித்தாள். படித்துவிட்டு சசிதரிடம் போனாள்.

"சார், நெசவை வெளியில குடுக்கக் கூடாதுன்னு போட்டிருக்காங்க."

"எல்லாக் காகிதத்துலயும்தான் போடறாங்க."

"முந்தின காகிதத்துல, சொல்லிட்டுக் குடுக்கலாம்னு இருந்துச்சுங்க சார். இதுல அது இல்லைங்க. மீறினா கம்பெனி யார் பேர்ல இருக்குதோ அவங்க சொந்தப் பொறுப்புன்னு இருக்குங்க. அக்கா பேரே போட்டிருக்கு."

சசிதர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஹாலந்துக்காரன் வந்து ஊடு ஊடாப் பாப்பானா? துண்டுல எந்தத் தறின்னு எழுதியா இருக்குது? நீ பார்சல் வேலையப் பாரு அம்மணி."

அவன் சொன்னதிலும் உண்மை இருந்தது. கருமத்தம்பட்டியில் யாரும் முழு ஆர்டரையும் தங்கள் கூடத்துக்குள்ளேயே நெய்து முடிப்பதில்லை. ஆர்டர் பெரிதானால் பாவு நூலை டெம்போவில் ஏற்றிப் பக்கத்துக் கூடங்களுக்குக் கூலி நெசவுக்கு அனுப்புவார்கள். அந்த ஊர் ஓடுவதே அப்படித்தான். ஒப்பந்தம் அந்த ஊரையே வேண்டாம் என்றது. சசிதர் அதற்குச் சரி என்று சொல்லப்போகிறான், தன் பெயரில் அல்ல.

மறுநாள் பெருநாள். ரிஃபத்துக்கு விடுமுறை. ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் போலப் பகலில் ஸ்கூட்டியில் கோமளா வீட்டுக்குப் போனாள். அவள் அம்மா தாஜுன்னிசா ஐந்தடுக்குக் கேரியர் நிறையப் பிரியாணியும் தால்சாவும் கத்திரிக்காய்ப் பச்சடியும் சேமியாப் பாயசமும் வைத்து அனுப்பியிருந்தாள். கோமளா கதவைத் திறந்து கேரியரை வாங்கினாள்.

"இந்தப் பச்சைல எப்படி இருக்கற தெரியுமா? திருஷ்டி சுத்திப் போடச் சொல்லு உங்கம்மாளை."

அப்போது தறிக்கூடத்துக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"வதினா! நம்பர் வந்துச்சுங்களா?"

இடது கையில் கேரியர், வலது கையில் போன். வாசற்படியில் நின்றபடியே கோமளா இலக்கங்களைக் கத்தினாள். ரிஃபத் எதிரே புதுத் துணியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எந்த ஒப்பந்தம் என்று அவளுக்குத் தெரியும்.

"அக்கா, அது என்னன்னு கேட்டீங்களா?"

"பெருநாளும் அதுவுமா ஆபீஸ் பேச்சு எதுக்கு? உள்ள வா. காபி குடிச்சுட்டுப் போ."

ரிஃபத் உள்ளே போனாள். காபி குடித்தாள். இன்னொரு முறை சொல்லியிருக்கலாம்தான். சொல்லியிருந்தால் மட்டும்? எண் ஏற்கெனவே காற்றில் போய்விட்டது.

அடுத்த இரண்டு மாதத்தில் அவளுக்கு அவினாசி ரோட்டில் பெரிய ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. கோமளா ஒரு புடவை எடுத்துக் கொடுத்து, கண் கலங்கி வழியனுப்பினாள். பெருநாள் கேரியர் மட்டும் இன்னும் திரும்பவில்லை. ஒவ்வொரு வருஷமும் கச்சாயப் பலகாரமோ தேங்காயோ நிரம்பித்தான் திரும்பும். வெறும் பாத்திரமாகக் கொடுக்கும் வழக்கம் கோமளாவுக்கு இல்லை.

"அடுத்த வாரம் கச்சாயம் சுட்டு வெக்கறேன் கண்ணு, வந்து வாங்கிக்க" என்றாள்.

ஹாலந்துக்காரன் வந்துவிட்டான். சொல்லாமல் கொள்ளாமல் வந்த பரிசோதகர் ஒருவர், ஸ்ரீ கோமளா டெக்ஸ் வாசலிலிருந்து பாவு ஏற்றிக்கொண்டு கிளம்பிய டெம்போவின் பின்னாலேயே வாடகைக் காரில் போனார். டெம்போ நின்ற மூன்று கூடங்களிலும் இறங்கிப் படம் எடுத்தார். ஊடு ஊடாகப் பார்த்தேவிட்டார். ஒரு வாரத்தில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. சசிதர் பெயர் அதில் எங்கும் இல்லை. சென்னகேசவன் பெயரும் இல்லை. திருமதி கோமளா என்று இருந்தது.

இதெல்லாம் ரிஃபத்துக்கு அப்போது தெரியாது. அவளுக்குத் தெரிய வந்தது புதுக் கம்பெனி மேனேஜர் குமாரசாமி தன் அறைக்குக் கூப்பிட்ட அன்றுதான். அவர் பொறுமைசாலி. பணியாளையும் நீங்க என்றுதான் அழைப்பார்.

"உக்காருங்க அம்மணி. நம்மகிட்டயும் துண்டு வாங்கறது அதே ஹாலந்துக் கம்பெனிதானுங்க. உங்க பேரு போட்ட காகிதம் எதுவும் வரக் கூடாதுன்னு எழுதியிருக்காங்க."

"எதுக்குங்க சார்?"

அவர் கணினியைத் திருப்பிக் காட்டினார். கோமளா கையெழுத்திட்ட வாக்குமூலம். தன்னிடம் வேலை பார்த்த ரிஃபத் என்ற பெண், தன் போனையும் மின்னஞ்சலையும் தனக்குத் தெரியாமல் பயன்படுத்தி அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டாள். பிறகு வேலையை விட்டுப் போய்விட்டாள். அதில் இருந்த நிபந்தனை எதுவும் தனக்குத் தெரியாது.

ரிஃபத் அதை இரண்டு முறை படித்தாள். இங்கிலீஷ் சரியாக இருந்தது. சசிதருக்கு இவ்வளவு நன்றாக எழுத வராது. யாரோ வக்கீல் எழுதியிருக்க வேண்டும்.

"அன்னைக்குப் பெருநாளுங்க சார். நான் லீவு."

"நீங்க பண்ணியிருக்க மாட்டீங்க. எனக்குத் தெரியுமுங்க. எனக்குத் தெரிஞ்சு என்ன ஆகறதுங்க? அவங்க அந்தம்மா சொன்னதை ஏத்துக்கிட்டு மறுபடி வியாபாரம் பண்ண ஆரம்பிச்சுட்டாங்க. அவங்களுக்கும் துண்டு வேணுமல்லங்க. இனி அதைத் தோண்ட அவங்களுக்கு அக்கறை இல்லை." குமாரசாமி குரலைத் தணித்தார். "அந்தம்மா குடுத்ததை அந்தம்மாதான் வாபஸ் வாங்கோணும். ஒரு வரி போதும். கையெழுத்து மட்டும் வாங்கிட்டு வந்துருங்க, உங்க சீட்டு உங்களுக்கு. அதுவரைக்கும் ஊட்ல இருங்க. மாசக் கடைசி வரைக்கும் நான் சாக்குச் சொல்லித் தாக்காட்டறேன்."

வீட்டில் யூனுஸ் கேட்டுக்கொண்டே மிக்சி மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தார். திருப்புளி இரண்டு முறை வழுக்கியது. தாஜுன்னிசாவுக்குத்தான் வாய் அடங்கவில்லை.

"வருஷா வருஷம் ஆக்கி அனுப்புனனே, அது தொண்டைல நிக்கலியா அவளுக்கு? போ. போயி எழுதி வாங்கு. அப்படியே அந்தக் கேரியரையும் வாங்கிட்டு வா. எங்கம்மா குடுத்த சீரு அது. என் பேரு வெட்டியிருக்கு."

ரிஃபத் போனாள். போகும் வழியெல்லாம் அவளுக்கு ஒன்று புரியவில்லை. திட்டம் போட்டது சசிதர். அவன் மேல் அவளுக்கு வந்தது கோபம்தான், தெரு நாய் கடித்தால் வருகிற மாதிரி. கோமளா மேல் வந்தது அது இல்லை. அதற்குப் பெயர் வெறுப்பு. அன்பாக இருந்தவள் என்பதாலா? பெண் என்பதாலா? ஒரு பெண்ணிடம் மட்டும் கூடுதலாக எதிர்பார்க்க எனக்கு என்ன உரிமை என்று கேட்டுப் பார்த்தாள். அப்படியும் வெறுப்பு போகவில்லை.

கோமளா வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தாள். ரிஃபத்தைப் பார்த்ததும் எழுந்தாள்.

"வா கண்ணு. வெயில்லயா வந்தே? மோரு குடிக்கறியா?"

"வேண்டாமுங்க்கா. அந்த லெட்டர நீங்கதான் போட்டீங்களா?"

கோமளா பத்திரிகையை மடித்தாள். பிறகு இன்னொரு முறை மடித்தாள்.

"சசிதர் சார் உங்க போன்ல போட்டுட்டாருன்னு சொல்லுங்க. நம்பறேன்" என்றாள் ரிஃபத். அப்படி ஒரு வார்த்தை வந்திருந்தால் உண்மையிலேயே நம்பியிருப்பாள்.

"இல்ல கண்ணு. அந்தத் தடவை நானேதான் போட்டேன்."

"எப்படி?"

"அவங்க நம்ப மாட்டேனுட்டாங்க. கம்பெனிக்காரியை நேராப் பாக்கோணும்னு சொல்லி வீடியோல வரச் சொன்னாங்க. ஆதார் கார்டை மூஞ்சிக்குப் பக்கத்துல புடிக்கச் சொன்னாங்க. அறைல வேற ஒருத்தரும் இருக்கக் கூடாதாம். போனை நாலு மூலைக்கும் திருப்பிக் காட்டச் சொன்னாங்க. கதவைச் சாத்திட்டு நான் ஒருத்திதான் உக்காந்திருந்தேன்."

"யாரு பேசுனாங்க?"

"தமிழ்ப் புள்ள ஒருத்தி. இலங்கைத் தமிழு. அந்த ஊர்லயே இருக்கறாளாம். வரி வரியா வாசிச்சுத் தமிழ்ல சொன்னா. உங்களுக்கு விளங்குதான்னு கேட்டா. யாராவது வற்புறுத்தறாங்களான்னு கேட்டா. மூணு வாட்டி கேட்டா அம்மணி. என்ரகிட்ட இதுக்கு முன்னால ஒருத்தரும் அப்படிக் கேட்டதில்லை."

அதைச் சொல்லும்போது கோமளாவின் முகத்தில் வந்தது என்ன என்று ரிஃபத்துக்குப் பிறகும் விளங்கவில்லை. ஒரு பெருமை மாதிரி இருந்தது.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"விளங்குதுன்னு சொன்னேன்."

"என் பேரு வந்தப்போ?"

"வந்துச்சு."

"அன்னைக்குப் பெருநாளுங்க்கா. கேரியரோட உங்க வாசப்படில நின்னவ நானு. நம்பரைக் கத்துனது நீங்க. காய்காரனுக்குக்கூடத் தெரியும்."

"தெரியும் கண்ணு. நான் மறந்தா போயிட்டேன்?" கோமளாவின் குரல் மெல்லியதாக, மரியாதையாக இருந்தது. அந்த மரியாதைதான் ரிஃபத்தை எரித்தது. "நான் என்ன செய்யட்டும், சொல்லு. நான்தான் போட்டேன்னு சொன்னா எங்கப்பன் குடுத்த தோப்பு போகும். சசி போட்டான்னு சொன்னா இந்த ஊட்ல நான் எப்படி இருக்கறது? அவரு தம்பியக் காட்டிக் குடுத்துட்டேன்னு அவரே என் மூஞ்சில முழிக்க மாட்டாரு. நீ வெளியிலிருந்து வந்த புள்ள. படிச்சவ. இந்த வேலை இல்லைன்னா இன்னொரு வேலை. எனக்கு இன்னொரு ஊடு இருக்குதா?"

"படிச்சவங்கறதாலதான் என் பேரை எடுத்தீங்க. படிக்காதவ கம்ப்யூட்டர்ல திருட்டுக் கையெழுத்துப் போட்டான்னா அவங்க நம்ப மாட்டாங்கல்ல."

கோமளா பதில் சொல்வதற்குள் சசிதர் உள்ளே வந்தான். ரிஃபத்தைப் பார்த்ததும் தெலுங்குக்கு மாறினான். இது எதுக்கு வந்திருக்கு என்று அண்ணியிடம் கேட்டான்.

"என் பேரைத் திருப்பி வாங்கிட்டுப் போக வந்திருக்கு சார்" என்றாள் ரிஃபத் தமிழில்.

அவன் திடுக்கிட்டான். ஆறு வருஷமாக இவள் முன்னால் தெலுங்கில் என்னென்ன பேசினோம் என்று அவன் யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

"என்ன இப்ப? உன்னைய ஜெயில்லயா போட்டாங்க? ஒரு லெட்டர், அவ்வளவுதான. ஹாலந்துல உன் பேரு நல்லாருந்தா என்ன, கெட்டா என்ன? அங்கயா நீ குடித்தனம் பண்ணப் போற?"

"அப்ப உங்க பேரையே போட்டிருக்கலாமுங்களே. நீங்களும் அங்க குடித்தனம் பண்ணப் போறதில்லையே."

"வாய் ஜாஸ்தியாயிருச்சு. அவினாசி ரோட்டுச் சம்பளம்." அவன் போன் அடித்தது. திரையைப் பார்த்தான், குரல் ஒரே நொடியில் குழைந்தது, "யெஸ் சார், யெஸ் சார்" என்றபடி வெளியே போனான்.

ரிஃபத் பையிலிருந்து காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள். தமிழில் ஒரே வரி. அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது ரிஃபத் அல்ல, அவளைப் பற்றி நான் கொடுத்த வாக்குமூலத்தைத் திரும்பப் பெறுகிறேன். கீழே, பழக்க தோஷத்தில், பென்சிலால் ஒரு பெருக்கல் குறியும் போட்டிருந்தாள். பேனாவைத் திறந்து நீட்டினாள்.

கோமளா கையை முந்தானையில் துடைத்தாள். கை ஈரமாகவே இல்லை. பேனாவை வாங்கவில்லை. காகிதத்தைப் பார்த்தாள்.

"என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள்.

ஆறு வருஷத்தில் அந்தக் கேள்வியை ரிஃபத் அவள் வாயிலிருந்து கேட்டது அதுதான் முதல் முறை.

"நீங்களே படிங்க."

கோமளா படித்தாள். உதடு அசைய, விரலை வரிக்கு அடியில் வைத்து, ஷாம்பு பாட்டிலைப் படிப்பதைவிடக் கவனமாகப் படித்தாள். ஒரு வரியைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகுமா என்று தோன்றும் அளவுக்குப் படித்தாள். பிறகு காகிதத்தை மெதுவாக ரிஃபத் பக்கம் தள்ளினாள்.

"உண்மைதான் கண்ணு. ஒரு எழுத்துத் தப்பில்லை."

"அப்பப் போடுங்க."

"முடியாது."

"அவரைக் கேட்டுட்டுப் போடறீங்களா? சாயங்காலம் வரைக்கும் வேணும்னாலும் இருக்கறேன்."

"அதில்லை. அன்னைக்கு அந்தப் புள்ள மூணு வாட்டி கேட்டாள்ல, அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது, கையெழுத்துன்னா என்னன்னு. வெளிய வந்ததும் காரமடை ரங்கநாதருக்கு வேண்டிக்கிட்டேன், இனி என் ஆயுசுக்கும் எதுலயும் கையெழுத்துப் போடறதில்லைன்னு. போன வாரம் போயி முடி எறக்கிட்டும் வந்துட்டேன்." முந்தானையை விலக்கித் தலையைக் காட்டினாள். வெள்ளையும் கறுப்புமாகக் குச்சி குச்சியாக முளைத்திருந்தது. "சாமிகிட்டச் சொன்னதை மாத்த முடியுமா, சொல்லு."

ரிஃபத்துக்கு அந்தத் தலையைப் பார்க்கப் பரிதாபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தப் பாவத்துக்குத் தலைமுடியைக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொண்டாளா? சாமியிடம் முடித்துக்கொண்டாளே தவிர, என்னிடம்?

"உங்க வேண்டுதல் உங்களுக்கு லாபமாத்தான் இருக்குதுங்க்கா" என்றாள்.

"அப்படிச் சொல்லாத கண்ணு. பாவம் ஒட்டும்."

"யாருக்கு?"

கோமளா தலை குனிந்துகொண்டாள். முந்தானையை மறுபடி தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள். ரிஃபத் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். வாசலைத் தாண்டிய பிறகுதான் அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. திரும்பினாள்.

"எங்கம்மா கேரியரக் கேட்டாங்க."

"ஐயோ, ஆமா. கழுவிக் கவுத்து வெச்சிருக்கறேன்." கோமளா சமையலறைப் பக்கம் இரண்டு எட்டு வைத்தவள் நின்றுவிட்டாள். முகத்தில் உண்மையான சங்கடம். "இன்னைக்கு ஊட்ல ஒண்ணுமே இல்லையே கண்ணு. வெறும் பாத்திரமாக் குடுத்தா நல்லாருக்காது. உங்கம்மா என்ன நெனப்பாங்க? இன்னொரு நாளைக்கு ஏதாச்சும் சுட்டு வெச்சுக் குடுக்கறேன். வாங்கிக்க."

வெறும் பாத்திரத்தைக் கொடுக்கக் கூடாது என்பதில் மட்டும் அவள் உறுதியாக இருந்தாள். ரிஃபத் ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

மாதக் கடைசியில் குமாரசாமி அந்த நாற்காலியை வேறு ஒருவருக்குக் கொடுத்தார். கொடுப்பதற்கு முன் போன் செய்து சொன்னார், வருத்தப்பட்டார். ரிஃபத் இப்போது உக்கடத்துக் கடையில் உட்கார்ந்து அத்தாவுக்கு ரசீது எழுதுகிறாள். வேறு கம்பெனிகளுக்கு விண்ணப்பம் போடுகிறாள். பழைய இடத்தில் யாரை விசாரிக்கலாம் என்று ஒரு கட்டம் எல்லா விண்ணப்பத்திலும் இருக்கிறது. அதில் யார் பெயரை எழுதுவது என்று பேனாவோடு உட்கார்ந்துவிடுகிறாள்.

கருமத்தம்பட்டியில் பலகை மாறிவிட்டது. இப்போது ஹாரிகா டெக்ஸ். ஹாரிகா சசிதரின் மனைவி. ஹாலந்துக்காரர்கள் அனுப்பும் எண் இப்போது அவள் போனுக்கு வருகிறதாம். கூடத்துக்கு அந்தப் பக்கமிருந்து அவள் கத்துகிறாளாம், குரல் கோமளா அளவுக்குக் கணீரென்று இல்லை என்று அங்கே வேலை பார்க்கும் ஒருவர் சொன்னார். கோமளா நிம்மதியாக இருக்கிறாள் என்றும் சொன்னார். முடி வளர்ந்துவிட்டது. ரிஃபத் பேச்சு வந்தால், "அது தங்கமான புள்ள" என்கிறாளாம்.

அந்த ஒரு வரி ரிஃபத்தின் பையில் பெருக்கல் குறியோடு மடித்தபடியே இருக்கிறது. கேரியர் அந்த வீட்டுச் சமையலறையில் இருக்கிறது. அடுத்த பெருநாளும் வந்து போய்விட்டது. தாஜுன்னிசா பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை இரவல் வாங்கித்தான் சொந்தக்காரர்களுக்குப் பிரியாணி அனுப்பினாள். அனுப்பும்போது ஒவ்வொரு தடவையும், தன் பெயர் வெட்டிய அந்த ஐந்து அடுக்கையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, கோமளாவைத் திட்டினாள்.